நிறை இறங்கியாச்சு, வயிறு மட்டும் ஏன் மிச்சம்?
வாசகர் கேள்வி பதில்: உடலும் உணவும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. நிறையைக் குறைத்து முடித்தவர்கள், அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரையும் வயதையும் மட்டும் தந்திருக்கிறோம். உடற்பயிற்சி ஆலோசகரும் போசணை ஆலோசகரும் சேர்ந்து பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: வயது 31, உயரம் 170 செ.மீ. ஒன்பது மாதத்தில் 86 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வந்துவிட்டேன். விடிய கல்லடிக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நடை, இரவில் சோறு இல்லை, இவ்வளவுதான் செய்தேன். சேட்டுப் போட்டால் மெலிந்த ஆள், கழற்றினால் தொந்தி அப்படியே தொங்குகிறது. கை இரண்டும் குச்சி. கூட்டாளிமார் சிலர் 62 வரை இறக்கு என்கிறார்கள், சிலர் நல்லாச் சாப்பிட்டு ஜிம்முக்குப் போ என்கிறார்கள். எதைக் கேட்பது? (கல்லடி)

பதில்: இரண்டு பக்கமும் அவசரப்படுகிறார்கள், தம்பி. தராசு காட்டும் இலக்கத்தை வைத்து இதைத் தீர்மானிக்க ஏலாது. முதலில் ஒரு தையற்கார அளவுநாடாவை எடுங்கள்.

காலையில் மலசலம் கழித்து, ஒன்றும் சாப்பிடாமல் அளக்க வேண்டும். விலாப் பக்கத்தில் கையை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தேடுங்கள், பிறகு இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைத் தரைக்குச் சமாந்தரமாகச் சுற்றுங்கள். மூச்சைச் சாதாரணமாக விட்டபின் வரும் அளவுதான் கணக்கு. வயிற்றை எக்கக் கூடாது, நாடா தோலை அமுக்கக் கூடாது. மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஆண்கள் வழமையாக விடும் பிழை, காற்சட்டை கட்டும் இடத்தில், தொந்திக்குக் கீழே அளப்பது. அங்கே பத்து வருடமாக 32 அங்குலம்தான் இருக்கும், மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது.

நீங்கள் கடிதத்தின் அடியில் வயிற்றளவு 91 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சீனி வியாதி, இதய வியாதி ஆபத்து கூடுகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. இன்னொரு எளிய கணக்கும் உண்டு: வயிற்றளவு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அது 85. ஆக, 68 கிலோ வந்த பிறகும் வயிற்றில் உள்ள கொழுப்பு எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது. உங்கள் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கேற்ற நிறையின் அளவு) 23.5. ஆசியருக்கு 23க்கு மேல் என்றாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் இன்னும் குறைக்கத்தானே வேண்டும் என்பீர்கள். குறைக்கத்தான் வேண்டும், ஆனால் இதுவரை குறைத்த மாதிரி அல்ல. பாரம் தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும் இல்லாமல் நிறை குறைந்தால், போனதில் ஏறக்குறைய கால் பங்கு தசை போன்ற கொழுப்பல்லாத பகுதி. உங்கள் 18 கிலோவில் நாலு கிலோவுக்கு மேல் அப்படிப் போயிருக்கலாம். அதனால்தான் கை குச்சியாயிற்று. இதே நடையும் இதே பட்டினியுமாக 62க்கு இறங்கினால், சிறிய தொந்தியோடு இன்னும் மெலிந்த கைதான் மிஞ்சும்.

நாங்கள் வைத்திருக்கும் நடைமுறைக் கணக்கு இது. வயிற்றளவை உயரத்தால் பிரியுங்கள். 0.53க்கு மேல் என்றால் கொழுப்பைக் குறைப்பது முதல் வேலை. 0.47க்குக் கீழ் என்றால் தயங்காமல் தசையை வளர்க்கலாம். இடையில் நிற்பவர்கள் நிறையை அப்படியே வைத்துக்கொண்டு பாரம் தூக்கினால் போதும், புதிதாகத் தொடங்குபவருக்குக் கொழுப்பு இறங்குவதும் தசை ஏறுவதும் சேர்ந்தே நடக்கும். உங்களுக்கு 91ஐ 170ஆல் பிரித்தால் 0.535. கோட்டுக்குச் சற்றே மேலே.

ஆனாலும் ஒன்பது மாதம் தொடர்ந்து குறைத்த உடம்பு இது. முதல் நாலு கிழமைக்குக் குறைப்பை நிறுத்துங்கள். இரவுச் சோற்றை அளவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஒரே அளவில் சாப்பிட்டு ஒவ்வொரு காலையும் நிறுங்கள். முதற்கிழமை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறும், அது தண்ணீர், பயப்பட வேண்டாம். இரண்டாம், மூன்றாம் கிழமைச் சராசரிகளுக்கு இடையில் 200 கிராமுக்குள்தான் வித்தியாசம் என்றால், நிறையை நிலையாக வைக்கும் சாப்பாடு அதுதான். உங்கள் உடம்புக்கு அது பெரும்பாலும் 2,100 தொடக்கம் 2,250 கலோரிக்குள் வரும். அதன் பிறகு நாளுக்கு 300 கலோரியைக் கழியுங்கள். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி உண்டு. ஆகவே கிழமைக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல், 12 கிழமையில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் இறங்கும். வயிற்றில் ஒரு கிலோவுக்கு ஒரு செ.மீ. என்று உத்தேசமாக வையுங்கள்.

அந்த 300 கலோரியைச் சோற்றில் மட்டும் தேட வேண்டாம். நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அதிலேயே 150 கலோரி. பொரிக்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120. கட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றர் 200 அளவில் வரும், சொதியை இரண்டாம் பாலில் வைத்தால் ருசி பெரிதாகக் குறையாது.

புரதம் நாளுக்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம், உங்களுக்கு 109. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்குப் புரத மாப் பேணி தேடுவது வீண் செலவு. காலையில் அவித்த முட்டை இரண்டும் அவித்த பயறோ கடலையோ ஒரு கோப்பையும் 26 கிராம். மத்தியானம் தலை, முள் கழித்து 150 கிராம் மீன், சூரையோ பாரையோ, 30 கிராம். அதோடு அரைக் கோப்பை பருப்பு 9, சோறு 5. பின்னேரம் 30 கிராம் பால்மாவில் சீனியில்லாத பால் 7. இரவில் எலும்பில்லாத கோழி 120 கிராம் 26, பிட்டோ ரொட்டியோ ஒரு 4. கூட்டினால் 107. மீன், கோழி அளவெல்லாம் சமைக்க முந்திய நிறை. சமைத்ததை நிறுத்துக் கணக்குப் போட்டு, ஏன் குறைவாக வருகிறது என்று கேட்டு எழுதுபவர்கள் மாதாமாதம் இருக்கிறார்கள். சமைக்கும்போது தண்ணீர் வற்றுகிறது, அவ்வளவுதான்.

பயிற்சி கிழமைக்கு மூன்று நாள், ஒன்றுவிட்ட நாளாக. ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட், முதுகு வளையாமல் இடுப்பைப் பின்தள்ளிக் குனியும் டெட்லிஃப்ட், தண்டால் அல்லது படுத்தபடி பாரத்தை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோ, தலைக்கு மேல் தூக்குதல். ஒவ்வொன்றும் மூன்று செட், ஒரு செட்டுக்கு 8 முதல் 12 தடவை, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. செட் முடியும்போது இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்ற அளவில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால், அடுத்த முறை பாரத்தை 2.5 கிலோ கூட்டுங்கள், கை டம்பெல் என்றால் ஒரு கிலோ. எட்டுக்கு விழும், திரும்பவும் 12க்கு ஏற்றுங்கள். இதை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். கொப்பி இல்லாதவர் ஆறு மாதம் கழித்தும் அதே 10 கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பார், அப்போது தசை வளர ஒரு காரணமும் இல்லை. கிழமைக்கு ஒரு யூரியூப் வீடியோ பார்த்துப் பயிற்சியை மாற்றுபவருக்கும் அதே கதிதான்.

நடையை விட வேண்டாம், அரை மணித்தியாலமாகக் குறைத்துக்கொள்ளலாம். சூடான கச்சான் காற்று வீசும் நாட்களில் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

12 கிழமை முடிய நாடா 87க்கு வந்து, கொப்பியில் பாரமும் ஏறியிருந்தால் குறைப்பை நிறுத்தி நிலையான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். நாடா இறங்கிப் பாரமும் இறங்கினால் குறைப்பு கூடிவிட்டது, 150 கலோரி திரும்பச் சேருங்கள்.

கேள்வி: வயது 42, உயரம் 156 செ.மீ. 74 கிலோவிலிருந்து 60க்கு ஐந்து மாதத்தில் வந்தேன். வயிற்றளவு 78. முகம் வற்றிவிட்டது, கோயிலில் கண்டவர்கள் “என்ன புள்ள, ஏதும் வருத்தமா?” என்று கேட்கிறார்கள். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மாடிப்படி ஏறக் கால் நடுங்குகிறது. வயிற்றுத் தோல் தொங்குவதால் இன்னும் நாலு கிலோ குறைக்க நினைக்கிறேன். பாரம் தூக்கினால் ஆம்பிளை மாதிரி வந்துவிடுமோ என்றும் பயம். (களுவாஞ்சிக்குடி)

பதில்: வேண்டாம் அக்கா, இந்த நிமிடமே நிறுத்துங்கள். உங்கள் வயிற்றளவு உயரத்தின் சரிபாதியில் நிற்கிறது, 80க்கும் உள்ளே. கொழுப்புக்காக இனிக் குறைக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. கால் நடுங்குவது தசை போனதன் அடையாளமாக இருக்கலாம், இரத்தம் குறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின், தைரொயிட். மாதவிலக்கு இன்னும் வரும் பெண்களுக்கு, அதுவும் சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்கு, இரும்பு இறங்குவது சாதாரணம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை மாற்றுங்கள். தேயிலை இரும்பை உடம்பு உறிஞ்சவிடாது, ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டால் அதன் இரும்பு நன்றாகச் சேரும். மயிர் கொட்டுவது, வேகமாக நிறை குறைந்து இரண்டு மூன்று மாதத்தின் பின் வருவது. சாப்பாடு சரியானால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

தோலையும் கொழுப்பையும் பிரித்தறிய, தொங்கும் இடத்தை நின்றபடி விரலால் கிள்ளிப் பாருங்கள். புறங்கைத் தோல் மாதிரி மெல்லிசாக வந்தால் அது வெறும் தோல், மேலும் நிறை குறைத்தால் இன்னும் தொங்கும். தடிப்பாக வந்தால் கொழுப்பு. தோல் சுருங்க ஒரு வருடமாவது கொடுங்கள். முழுவதும் சுருங்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம், பூசும் கிறீம் எதுவும் அதைச் செய்யாது.

ஆம்பிளை மாதிரி வரும் பயத்தை விடுங்கள். தசையைப் பெருக்கும் டெஸ்ரொஸ்ரரோன் பெண்களில் ஆண்களில் உள்ளதன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இளம் ஆண்பிள்ளைகள் வருடக்கணக்காகத் தூக்கியும் வராத உடம்பு உங்களுக்குத் தவறுதலாக வந்துவிடப் போவதில்லை.

ஜிம் தேவையில்லை. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன் நிரம்பினால் ஐந்து கிலோ, பத்துக் கிலோ அரிசிப் பை பத்துக் கிலோ. கதிரையில் கை ஊன்றாமல் இருந்தெழும்புங்கள், 12 தடவை மூன்று செட் சுகமாக வந்தால் கலனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். அரிசிப் பையைத் தொடைக்கு முன்னால் பிடித்து, முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்தள்ளிக் குனிந்து நிமிருங்கள். முதுகு கூனினால் அடுத்த நாள் இடுப்பு பிடிக்கும், அப்படிப் பிடித்தால் பாரம் கூடியது என்பதைவிடக் குனிந்த முறை பிழை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சுவரில் கை வைத்துத் தண்டால், பிறகு மேசையில், பிறகு நிலத்தில். கலனை ஒரு கையால் இடுப்புவரை இழுத்தல். கிழமைக்கு மூன்று நாள், முப்பது நிமிடம் போதும்.

சாப்பாட்டில் நாளுக்கு 90 கிராம் புரதம் வேண்டும். எங்கள் வீடுகளில் மீன் துண்டு கணவருக்கும் பிள்ளைகளுக்கும், அம்மாவுக்குக் குழம்பும் சட்டியில் ஒட்டியதும். அந்தப் பங்கீட்டை மாற்றாமல் எந்தப் பயிற்சியும் உதவாது. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் காய்ந்த சோயாமீற் 30 கிராமில் 15, ஒரு கோப்பை எருமைத் தயிரில் 8 அளவு, பருப்பும் பயறும் சேர்த்தால் கணக்குக்குக் கிட்ட வந்துவிடும். தயிருக்குப் பாணி விடுவதைக் குறையுங்கள். இனிமேல் உங்களுக்கு நிறையை 60–61இல் பிடித்து வைப்பதுதான் வேலை. மூன்று மாதம் கழித்துப் படி ஏறிப் பாருங்கள்.

கேள்வி: இலக்கு நிறை வந்த சந்தோஷத்தில் ஒரு கிழமை சோறு, பிட்டு என்று வழமைபோல் சாப்பிட்டேன். 2 கிலோ ஏறிவிட்டது. ஒரு கிழமையில் 2 கிலோ கொழுப்பா? (செங்கலடி)

பதில்: இரண்டு கிலோ கொழுப்புச் சேர, செலவுக்கு மேல் 15,000 கலோரிக்குமேல் சாப்பிட்டிருக்க வேண்டும். அவ்வளவு சாப்பிட்டீர்களா? மாப்பொருளைக் குறைத்தபோது தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த மாப்பொருள், அதாவது கிளைக்கோஜன், வற்றியிருந்தது. அது மொத்தமாக அரைக் கிலோ அளவு, ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். திரும்பச் சோறு சாப்பிட்டதும் நிரம்பிவிட்டது. கருவாடு, அச்சாறு உப்பும் தண்ணீரைத் தேக்கும். இரண்டு கிழமை பொறுத்து, வயிற்றளவு ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜிம்மில் உள்ள தராசில் ஏறினால் உடற்கொழுப்பு ஒரு நாள் 27 வீதம், மறுநாள் 23 வீதம் என்கிறது. எது சரி? (ஏறாவூர்)

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். அந்தத் தராசு காலுக்குள்ளால் சிறிய மின்னோட்டத்தை விட்டு, உடம்பில் உள்ள தண்ணீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணிக்கிறது. வியர்த்த உடம்பு, குடித்த தண்ணீர், ஈரக் கால் எல்லாம் கணக்கை மாற்றும். அதே தராசில், அதே காலை நேரத்தில், மாதம் ஒரு முறை பார்த்தால் போக்கு தெரியும். நாடாவுக்குச் செலவு குறைவு, பொய்யும் குறைவு.

கேள்வி: வயது 22, உயரம் 172 செ.மீ. 71 கிலோவிலிருந்து 58க்கு வந்தேன், வயிற்றளவு 78. இன்னும் சிக்ஸ் பெக் தெரியவில்லை. 54க்கு இறக்கினால் தெரியுமா? ஜிம்மில் ஒருவர் நிறை ஏற்றும் ‘மாஸ்’ மா ஒன்றும் ஊசி ஒன்றும் சொல்கிறார். (அக்கரைப்பற்று)

பதில்: தெரியாது, தம்பி. வயிற்றுத் தசையும் மற்றத் தசை போலத்தான், வளர்ந்தால்தான் மேடு பள்ளம் தெரியும். இல்லாத தசையின் மேல் உள்ள கொழுப்பை வழித்தால் விலா எலும்புதான் தெரியும். உங்கள் வயிற்றளவு உயரத்தில் 0.45, உடற்திணிவுச் சுட்டி 19.6. 54க்கு இறங்கினால் 18.5 என்ற எல்லைக்கும் கீழே போய்விடுவீர்கள். இந்தப் பக்கத்துக்கு எழுதியவர்களில் சந்தேகமே இல்லாமல் “சாப்பிடு, தூக்கு” என்று சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான்.

நிலையான சாப்பாட்டுக்கு மேல் நாளுக்கு 250 கலோரி கூட்டுங்கள். ஒரு கோப்பை பாலும் ஒரு சின்னக் கைபிடி கச்சானும் போதும் (காற்றல்ல, நிலக்கடலை). புரதம் 93 கிராம். முதலாம் பதிலில் சொன்ன பயிற்சியே உங்களுக்கும். நிறை மாதத்துக்கு முக்கால் கிலோ தொடக்கம் ஒரு கிலோ ஏறினால் சரி. அதில் பாதி தசை என்றாலே நல்ல விளைவு. மாதம் இரண்டு கிலோ ஏறுபவர் கொத்துரொட்டியால் ஏறுகிறார், பயிற்சியால் அல்ல. நாடா 84ஐத் தொட்டால் கூட்டுவதை நிறுத்துங்கள், அதற்கு எட்டு மாதமோ பத்து மாதமோ ஆகலாம். இரவு ஏழு மணித்தியாலமாவது படுங்கள், விடிய மூன்று மணிவரை போன் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் சரிவராது.

‘மாஸ்’ மாவின் பேணியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். பெரும்பாலானவற்றில் முக்கால் பங்கு மாப்பொருள். அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். வே புரோட்டீன் வேறு, அது பாலிலிருந்து எடுப்பது, ஒரு கரண்டியில் 24 கிராம் அளவு புரதம். மீன் கிடைக்காத நாளுக்கு வசதி, கட்டாயம் இல்லை. கிரியேற்றின் என்ற மாவை நாளுக்கு 3 தொடக்கம் 5 கிராம் எடுத்தால் பாரம் சற்றுக் கூடத் தூக்கலாம், முதற்கிழமைகளில் ஒரு கிலோவரை தண்ணீர் ஏறும். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் வேலையைப் பார்க்க அளக்கும் கிரியேற்றினின் கூடிக் காட்டும், எடுப்பதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜிம்மில் சொல்லும் ஊசி பெரும்பாலும் ஆண் ஓமோன், அதைத் தொடவே வேண்டாம். வெளியிலிருந்து ஓமோன் போனால் விதைகள் தங்கள் உற்பத்தியை நிறுத்துகின்றன, விந்தணு இறங்குகிறது, நல்ல கொலஸ்ட்ரோல் விழுகிறது. நிறுத்தியபின் எல்லாருக்கும் பழைய நிலை திரும்புவதில்லை. 22 வயதில் உங்கள் உடம்பில் அந்த ஓமோன் இலவசமாகவே நிறைய இருக்கிறது.

கேள்வி: பாரம் தூக்கத் தொடங்கி நாலு மாதம். நோன்பு வந்தால் சேர்த்த தசையெல்லாம் போய்விடுமா? நோன்பிலேயே கொழுப்பைக் குறைத்து முடிக்கலாமா? (காத்தான்குடி)

பதில்: ஒரு மாதத்தில் போகாது. தசையை வளர்க்கத் தேவையான பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கு செய்தாலே இருப்பதைக் காப்பாற்றலாம், ஒரு நிபந்தனை: செட்டைக் குறைக்கலாம், பாரத்தைக் குறைக்கக் கூடாது. கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொன்றும் இரண்டு செட். தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பின் செய்வதுதான் நல்லது. 13 மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரில்லாமல் இருந்து இஃப்தாருக்கு (நோன்பு திறப்புக்கு) முந்திய மணித்தியாலத்தில் கடுமையாகத் தூக்கினால் தலைசுற்றும். அந்த நேரம்தான் வசதி என்றால் மெதுவான நடையோடு நிறுத்துங்கள்.

புரதத்தை இஃப்தார், இரவு, சஹர் (விடியுமுன் சாப்பாடு) என்று மூன்றாகப் பிரியுங்கள். நோன்புக் கஞ்சியில் இறைச்சி கூடப் போட்டால் ஒரு பங்கு அங்கேயே முடியும். பேரீச்சம்பழம் மூன்றோடு நோன்பு திறப்பது பிழையில்லை, அதன் பின்னால் வரும் சமோசாவும் ரோல்ஸும்தான் கணக்கைக் கெடுப்பது. சஹருக்குத் தேத்தண்ணியும் பாணும் மட்டும் என்று விடாமல் முட்டை இரண்டு, தயிர் ஒரு கோப்பை எடுங்கள். இரண்டு லீற்றர் தண்ணீரை இரவு முழுக்கப் பரவலாகக் குடியுங்கள், சஹர் முடிவில் ஒரேயடியாகக் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். புதிதாக நிறை குறைக்கவோ கூட்டவோ இந்த மாதத்தில் தொடங்க வேண்டாம், நிலையாக நில்லுங்கள். பெருநாளுக்குப் பின் முதற்கிழமை பழைய பாரத்தில், பழைய செட்டில் பாதி.

கேள்வி: வயது 56, உயரம் 165 செ.மீ., 82 கிலோவிலிருந்து 70. சீனிக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். நிறை போதும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வயிறு 88. மகன் பாரம் தூக்கச் சொல்கிறான். நான் பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் வயல் செய்கிறவன், அது பயிற்சி இல்லையா? (சம்மாந்துறை)

பதில்: ஒரு காலத்தில் பயிற்சிதான், ஐயா. இப்போது உழுவது உழவு இயந்திரம், அறுப்பது மெஷின். மிஞ்சுவது வரம்பில் நடையும் 16 லீற்றர் பூச்சி மருந்துத் தாங்கி சுமப்பதும். அதுவும் சில நாட்கள்தான், பிறகு மாதக்கணக்கில் இல்லை. தசை வளர ஒழுங்காக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் பாரம் வேண்டும். வயலில் வருடா வருடம் அதே பாரம்.

மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாப்பாட்டின் பின் இரத்தத்தில் ஏறும் சீனியைப் பெருமளவு உள்வாங்குவது தசை. அது குறைந்தால் அதே சோற்றுக்குச் சீனி கூட ஏறும். உங்கள் வயிற்றளவு கோட்டில் நிற்கிறது, நிறையை இப்படியே வைத்துத் தசையைக் கூட்டினால் நாடா தானாக இறங்கும்.

ஆனால் தொடங்க முன் மூன்று விசயம். சிறுநீரகப் பரிசோதனை, அதாவது இரத்தத்தில் கிரியேற்றினின், சிறுநீரில் அல்புமின். அதில் குறை இருந்தால் வைத்தியர் சொல்லாமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். கண் பரிசோதனை: விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் வந்தவர்கள் பாரம் தூக்கி முக்கினால் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வருகிறதென்றால் முதலில் இதயத்தைக் காட்ட வேண்டும்.

கிளிக்லசைட் எடுப்பவருக்குப் பயிற்சியின்போதோ அதற்குப் பின்போ சீனி இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, நெஞ்சு படபடப்பு வந்தால் நிறுத்திச் சோதியுங்கள். 70 mg/dLக்குக் கீழ் என்றால் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தின் பின் திரும்பச் சோதிக்க வேண்டும். சோதிக்கும் மெஷின் கையில் இல்லாவிட்டால் சீனித் தண்ணீரை முதலில் குடியுங்கள். அடிக்கடி இறங்கினால் மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் தூக்க வேண்டாம், காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்து நல்ல நேரம்.

களுவாஞ்சிக்குடி வாசகிக்குச் சொன்ன வீட்டுப் பயிற்சியே உங்களுக்கும் பொருந்தும், முதல் மாதம் இரண்டு செட் மட்டும். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும். வெறுங்காலோடு செய்யாமல் மூடிய சப்பாத்துப் போடுங்கள், கால் விறைப்பு உள்ளவருக்குச் சிறு காயமும் தெரியாது. பாரத்துக்கு மருந்தடித்த தாங்கியில் தண்ணீர் நிரப்பி முதுகில் போட வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் அதன் பட்டியிலும் குழாயிலும் மருந்து ஊறியிருக்கும். உரப் பையும் வேண்டாம். சுத்தமான அரிசிப் பையில் ஐந்து கிலோ மணல் போட்டு வாயை இறுக்கித் தைத்து, இன்னொரு பைக்குள் வையுங்கள். சுகமாக வந்ததும் ஒவ்வொரு கிலோவாக மணலைக் கூட்டலாம்.